தொட்டியில் சுக்கினி: முதல் முறை வளர்ப்பவர்களுக்கு

நான் முதன்முதலில் வைத்த சுக்கினிச் செடி பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஒவ்வொரு இலையும் இரண்டு கையை விரித்து வைத்த அகலம். நடுவே மஞ்சள் மஞ்சளாகப் பூ. காய் மட்டும் இல்லை. சுண்டு விரல் நீளத்துக்குப் பிஞ்சு வரும், நான்கு நாளில் நுனி மஞ்சளாகும், சுருங்கும், தொட்டால் கையோடு வந்துவிடும். சத்து போதவில்லை போலிருக்கிறது என்று உரம் வைத்தேன். தண்ணீர் அதிகமோ என்று குறைத்தேன், அப்புறம் கூட்டினேன். குற்றம் உரத்திலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. விடியும்போது விரிகிற பூக்கள், நான் சாவகாசமாகப் பத்து மணிக்கு மேல் எட்டிப் பார்ப்பதற்குள் மூடிக்கொண்டிருந்தன. மகரந்தம் சேர்க்கத் தேனீயும் வரவில்லை, நானும் போகவில்லை.

சுக்கினி எளிதான பயிர் என்று எல்லோரும் சொல்வார்கள். எளிதுதான். ஆனால் தொட்டியில் வைக்கும்போது ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டே இடத்தில்: தொட்டியின் அளவு, காலை நேரத்துப் பூ. மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் செடி பொறுத்துக்கொள்ளும். அதனால் இந்தக் கட்டுரையிலும் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

செடியைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்

சுக்கினி என்பதும் கோர்ஜெட் என்பதும் ஒன்றுதான். முன்னது இத்தாலியப் பெயர், பின்னது பிரெஞ்சுப் பெயர். பூசணிக் குடும்பம். தாவரவியலில் குக்குர்பிட்டா பெப்போ என்ற இனம். பரங்கி வகைகளில் சிலவும் அழகுக்காக வளர்க்கும் சிறு சுரை வகைகளும் இதே இனத்தைச் சேர்ந்தவை. இந்த உறவு ஏன் முக்கியம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பூசணிபோல் இது ஊரெல்லாம் கொடி ஓடாது. ஒரே தண்டு, அதன் கணுக்கள் நெருக்கமாக, ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலை, ஒரு பூ. அதனால்தான் தொட்டிக்கு ஒத்துவருகிறது. ஆனால் சின்னச் செடி என்று எண்ணிவிட வேண்டாம். வளர்ந்தால் குறுக்களவு முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை பரப்பிக்கொண்டு நிற்கும். விதை போட்டதிலிருந்து முதல் காய்க்கு 45 முதல் 60 நாள் ஆகும். அதற்குப் பிறகு ஒன்றரை, இரண்டு மாதம் நன்றாகக் காய்க்கும். ஒரு பருவச் செடி. முடிந்ததும் பிடுங்கிவிட வேண்டியதுதான்.

தட்பவெப்பத்தில் இதற்கு இரண்டு எல்லை உண்டு. உறைபனியை ஒரு இரவுகூடத் தாங்காது. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வளராமல் முடங்கும். மறுபக்கம் 35 டிகிரியைத் தாண்டி நாள் கணக்கில் கொளுத்தினால் செடி பச்சையாக நிற்கும், ஆனால் ஆண் பூவாகப் பூத்துத் தள்ளும், மகரந்தமும் வீரியம் இழக்கும். பகலில் 20 முதல் 30 டிகிரி நிலவுகிற இரண்டு மூன்று மாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளிர் நாட்டில் இருப்பவருக்கு அது கோடை. வெப்ப நாட்டில் இருப்பவருக்குக் கோடை கழிந்த மாதங்கள்.

விதை வாங்கும்போது

பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். புதர் வகை, அடக்கமாக வளர்வது, தொட்டிக்கு ஏற்றது என்று ஏதாவது எழுதியிருக்க வேண்டும். ஆஸ்டியா தொட்டிக்கென்றே வந்த ரகம். எய்ட் பால் என்பது உருண்டையாகக் காய்ப்பது. பிளாக் பியூட்டி பழைய ரகம், பல இடங்களில் கிடைக்கும், கொஞ்சம் பெரிதாக வளரும், பெரிய தொட்டி இருந்தால் தாராளமாக வைக்கலாம்.

மகரந்தம் சேராமலே காய் பிடிக்கிற ரகங்களும் இருக்கின்றன. பார்த்தினன், காவிலி இரண்டும் அப்படிப்பட்டவை. உயரமான கட்டடத்தின் பால்கனி, வலை அடித்த மாடி, தேனீயே எட்டிப் பார்க்காத இடம் என்றால் இவற்றைத் தேடி வாங்குவது புத்திசாலித்தனம். அதிகாலையில் எழுந்திருக்க முடியாதவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. இடம் இருந்தால் ஒரே செடியோடு நிற்காமல் இரண்டு தொட்டி வையுங்கள். ஒரே செடியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே காலையில் விரியும் என்று உறுதி கிடையாது. இரண்டு செடி இருந்தால் பெரும்பாலான நாட்களில் ஜோடி சேர்ந்துவிடும்.

தொட்டி: இங்கேதான் கஞ்சத்தனம் கூடாது

முதல் தடவை வைப்பவர்கள் பூச்செடித் தொட்டியில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு மாதம் வரை வளரவும் செய்யும். அதற்குப் பிறகு காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காலியாகும், இலை தொங்கும், மாலையில் மறுபடி ஊற்ற வேண்டும். அத்தனை பெரிய இலைகள் வெயிலில் விடுகிற நீரை ஈடுகட்ட வேர் ஓயாமல் உறிஞ்சுகிறது. வேர் சுற்றியிருக்கும் மண்தான் அதன் தண்ணீர்த் தொட்டி. மண் குறைந்தால் இருப்பும் குறையும், அவ்வளவுதான் கணக்கு.

குறைந்தது 40 செ.மீ. வாய் அகலம், 30 செ.மீ. ஆழம் வேண்டும். அதில் 35 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மண் பிடிக்கும். 45 செ.மீ. அகலமும் 35 செ.மீ. ஆழமும் கிடைத்தால் 50 லிட்டரைத் தாண்டும். என்னைக் கேட்டால் இதுதான் நிம்மதியான அளவு. 20 லிட்டர் பெயின்ட் வாளியிலும் காய் எடுத்திருக்கிறேன், ஆனால் அந்த வாளிக்கு நான் வேலைக்காரனாகவே ஆகிவிட்டேன். ஆழத்தைவிட அகலத்தைப் பாருங்கள். சுக்கினியின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பக்கவாட்டில் ஓடும்.

ஒரு தொட்டிக்கு ஒரே ஒரு செடி. எவ்வளவு பெரிய தொட்டியாக இருந்தாலும் முதல் தடவை இதை மீறாதீர்கள். இரண்டு நாற்றும் நன்றாக முளைத்திருக்கும்போது ஒன்றைக் கிள்ளி எறிய மனசு வராது. கிள்ளித்தான் ஆக வேண்டும்.

மண் தொட்டி, பிளாஸ்டிக், துணிப்பை எதுவும் சரிதான். மண் தொட்டியும் துணிப்பையும் பக்கவாட்டிலும் ஈரத்தை விடும், சீக்கிரம் காயும். பிளாஸ்டிக் ஈரத்தைக் காக்கும். ஆனால் கறுப்பு நிறமாக இருந்து வெயில் நேராகப் பட்டால் ஓரத்து வேர் வெந்துபோகும். பழைய சாக்கைச் சுற்றிக் கட்டினால் போதும்.

அடியில் சுண்டு விரல் நுழையும் அளவுக்கு ஐந்தாறு துளைகள் இருக்க வேண்டும். தொட்டியைத் தரையில் ஒட்டி வைக்காமல் மூன்று செங்கல்மேல் ஏற்றி வையுங்கள். பலர் அடியில் ஜல்லியோ ஓட்டுத் துண்டோ ஒரு அடுக்கு போடுவார்கள், தண்ணீர் வடியும் என்று. உண்மையில் அது வடிகாலை மேம்படுத்துவதில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலே மண்ணிலேயே தங்கி நிற்கும். கல் போட்ட அளவுக்கு வேருக்கு இடம் போனதுதான் மிச்சம். துளை வழியே மண் கொட்டாமல் இருக்க ஒரு துண்டு கொசுவலை போதும்.

நிரப்பும் முன்பே தொட்டியை அதன் இடத்தில் வைத்துவிடுங்கள். ஈர மண்ணோடு 40 லிட்டர் தொட்டி 30 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். அப்புறம் நகர்த்தப் போனால் முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் விழுகிற இடமாகப் பாருங்கள். நிழலில் இலை வரும், காய் வராது. காற்று புகுந்து வெளியேற வழி இருக்க வேண்டும், ஆனால் பலத்த காற்று நேராக அடிக்கிற மூலையும் வேண்டாம். இலைக் காம்பு உள்ளே குழாய்போல் வெற்றாக இருக்கும், மடக்கென்று ஒடிந்துவிடும்.

மண் கலவை

தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பினால் நான்கைந்து வாரத்தில் செங்கல்போல் இறுகிவிடும். நான் போடுகிற கலவையில் தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, மண் ஒரு பங்கு. மண் களிமண்ணாக இருந்தால் அதில் பாதியைக் குறைத்து மணல் சேர்ப்பேன். நார்த்தூளை முதலில் தண்ணீரில் ஊறவைத்து ஒரு முறை பிழிந்துவிட்டுப் போடுவது நல்லது, உப்பு இருந்தால் இறங்கிவிடும். கடையில் கிடைக்கும் ஆயத்தக் கலவை வாங்கினால் அதோடு நான்கில் ஒரு பங்கு மட்கிய உரம் கலந்துகொள்ளுங்கள்.

மட்கிய உரம் என்று சொல்லும்போது உண்மையிலேயே மட்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண்ணின் வாசத்தோடு. சாண வாசம் அடித்தால் இன்னும் பொறுங்கள். கலவையின் அமில காரத் தன்மை (pH) 6-க்கும் 7-க்கும் இடையே இருந்தால் சுக்கினிக்குப் பிடிக்கும். மேலே சொன்ன கலவை பொதுவாக அதற்குள்தான் இருக்கும், அளந்து பார்த்தே ஆக வேண்டும் என்றில்லை.

விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். நாலு விரல் அளவு காலியாக விடுங்கள். தண்ணீர் ஊற்றும்போது தேங்கி இறங்கவும், பிற்பாடு மண்ணின்மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ பரப்பி மூடாக்குப் போடவும் அந்த இடம் வேண்டும்.

விதைப்பு

நேராகத் தொட்டியிலேயே விதைப்பதுதான் என் விருப்பம். சுக்கினிக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. தொட்டியின் நடுவில், ஒரு சாண் வட்டத்துக்குள், இரண்டு விதை. ஆழம் 2 முதல் 2.5 செ.மீ. தட்டையான விதையைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில், விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்தி வைப்பது வழக்கம். விதைமேல் ஈரம் தேங்கி அழுகுவதைத் தவிர்க்கத்தான் இந்த வழக்கம். படுக்கப் போட்டதும் எனக்கு முளைத்திருக்கிறது, இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

மண் குறைந்தது 15 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். 20-க்கு மேல் இருந்தால் ஒரு வாரத்தில் முட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். குளிர்ந்த மண்ணில் விதை முளைப்பதற்குப் பதில் அழுகும். பத்து நாள் கழித்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் தோண்டிப் பாருங்கள், கூழாகியிருந்தால் மறுபடி போடுங்கள். முளைக்கும்வரை மண் ஈரமாக இருக்க வேண்டும், சொதசொதப்பு ஆகக் கூடாது. எலிக்கும் அணிலுக்கும் இந்த விதை பிடிக்கும். ஒரு கம்பி வலைக் கூடையைக் கவிழ்த்து வைத்தால் தப்பும்.

வெளியே இன்னும் குளிராக இருக்கிறது, காத்திருக்க முடியாது என்றால் வீட்டுக்குள் காகிதக் கோப்பையில் முளைக்க வைக்கலாம். முதலில் வரும் வழுவழுப்பான இரண்டும் வித்திலைகள். அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டு மூன்று நிஜ இலை வந்ததும் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். நான்கு வாரத்துக்கு மேல் கோப்பையில் வைத்திருந்தால் வேர் சுருண்டுவிடும். நடுவதற்கு முன் ஒரு வாரம், தினமும் சில மணி நேரம் வெளியே வைத்து வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குங்கள். வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை முதல் நாளே முழு வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும்.

இரண்டில் எது திடமாக இருக்கிறதோ அதை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் மண் மட்டத்தில் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

அப்போதே ஒரு மீட்டர் உயரக் குச்சி ஒன்றைத் தண்டின் அருகே ஊன்றுங்கள். இப்போது தேவையில்லாததுபோல் தோன்றும். ஒன்றரை மாதத்தில் தண்டு நீண்டு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும், அப்போது குச்சி ஊன்றினால் வேரைக் குத்திவிடும். தண்டு வளர வளரப் பழைய துணி நாடாவால் எட்டு போட்ட மாதிரித் தளர்வாகக் கட்டிக்கொண்டே போனால் செடி நிமிர்ந்து நிற்கும், இடமும் மிச்சம், காற்றோட்டமும் கிடைக்கும். காய் பறித்து முடித்த கணுவுக்குக் கீழே உள்ள பழைய இலைகளைத் தண்டை ஒட்டி வெட்டி எடுத்துவிடலாம். தண்டிலும் இலையிலும் சொரசொரவென்று முள்போல் மயிர் இருக்கும். முழங்கை வரை மூடிய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ராத்திரியெல்லாம் கை அரிக்கும்.

தண்ணீர்

விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். அங்கே காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். வேறு கருவி எதுவும் தேவையில்லை. ஊற்றும்போது அடித்துளையில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை நிதானமாக ஊற்ற வேண்டும். தினமும் ஒரு குவளை தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைத்து நம்மை ஏமாற்றும்.

காலையில் ஊற்றுவது நல்லது. பூவாளியின் மூக்கை இலைக்கு அடியில் நுழைத்து மண்ணுக்கு மட்டும் விடுங்கள். காய்க்கிற பருவத்தில், வெயில் நாளில், ஒரு செடி நான்கைந்து லிட்டர் குடித்துவிடும். மண்ணின்மேல் காய்ந்த இலை, வைக்கோல் ஏதாவது இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் செலவு குறையும். தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

ஒரு விஷயத்தில் புதியவர்கள் தவறாமல் பயப்படுவார்கள். நடு மதியத்தில் இலைகள் குடை மடங்கினாற்போல் தொங்கும். உடனே வாளியோடு ஓட வேண்டாம். விரலை விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தால் அது வெயிலுக்குச் செடி செய்கிற தற்காப்பு, வெயில் தணிந்ததும் தானாக நிமிரும். மாலையிலும் நிமிரவில்லை, காலையிலும் தொங்குகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும். மண் காய்ந்திருந்தால் தாகம். மண் சேறாக இருந்து தொங்கினால் வேர் அழுகல். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், விரல்தான் வித்தியாசம் சொல்லும்.

உரம்

கலவையில் போட்ட மட்கிய உரம் நான்கிலிருந்து ஆறு வாரம் தாங்கும். அதுவரை ஒன்றும் வேண்டாம். முதல் பூக்கள் வரத் தொடங்கியதும் பத்து நாளுக்கு ஒரு முறை திரவ உரம். தக்காளிக்கென்று விற்கும் திரவ உரம் இதற்கும் பொருந்தும், ஏனென்றால் அதில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாக இருக்கும். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவைத் தாண்டாதீர்கள். காய்ந்த மண்ணில் உரத் தண்ணீரை ஊற்றாமல், முதலில் வெறும் தண்ணீர் விட்டு நனைத்துவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரண்டு கை மண்புழு உரத்தை மேலே தூவிக் கிளறிவிட்டால் இன்னும் நல்லது.

தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரத்தைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு என் முதல் செடியே சாட்சி. காய் வரவில்லையே என்று நான் வைத்த உரத்தில் இலைகள் குடையளவு விரிந்தன, பூ குறைந்துபோனது.

காலை ஆறு மணி வேலை

செடி வைத்து ஐந்து, ஆறு வாரத்தில் மொட்டு தெரியும். பெரும்பாலும் ஆண் பூதான் முதலில் வரும். ஒரு வாரம், பத்து நாள் ஆண் பூவாகவே பூத்து உதிரும். பூ கொட்டுகிறதே என்று பதற வேண்டாம், அப்படித்தான் தொடங்கும்.

இரண்டையும் பிரித்தறிவது மிக எளிது. பூவுக்குப் பின்னால் பாருங்கள். ஒல்லியான நீளக் காம்பு மட்டும் இருந்தால் ஆண். பூவின் அடியிலேயே குட்டிச் சுக்கினி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் பெண். உள்ளே எட்டிப் பார்த்தாலும் தெரியும். ஆண் பூவின் நடுவில் மஞ்சள் தூள் அப்பிய ஒற்றைத் தண்டு. பெண் பூவின் நடுவில் பிளவுபட்ட, பசபசப்பான மூன்று மடல், அதுதான் சூல்முடி.

இந்த மகரந்தம் கனமானது, ஒட்டக்கூடியது. காற்றில் பறந்து போகாது. தேனீயோ வண்டோ சுமந்து போக வேண்டும், அதுவும் ஒரு தடவை வந்து போனால் போதாது. நிறையத் தூள் ஒட்டினால்தான் காய் நேராக, முழுதாக வளரும். கொஞ்சமாக ஒட்டினால் காம்புப் பக்கம் பருத்து நுனி ஒடுங்கிக் கோணலாக நிற்கும். ஒட்டவே இல்லையென்றால் முதலில் சொன்ன என் கதைதான்.

தேனீ வருவதில்லை என்றால் நாம்தான் தேனீ. பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறியதும் மூடத் தொடங்கி, மதியத்துக்குள் சுருண்டுவிடும். அந்தப் பூ மறுநாள் திறக்காது. ஆகவே ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் போங்கள். அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறியுங்கள். இதழ்களைச் சுற்றிலும் உரித்துவிடுங்கள். இப்போது கையில் ஒரு சின்னத் தூரிகை இருக்கும். சுண்டு விரலில் லேசாகத் தொட்டுப் பாருங்கள், மஞ்சள் ஒட்டினால் தயார். பெண் பூவின் இதழ்களை ஒரு கையால் மெதுவாக விலக்கிப் பிடித்துக்கொண்டு, சூல்முடியின் மூன்று மடல்களிலும் சுற்றிச் சுற்றித் தடவுங்கள். மடலின்மேல் மஞ்சள் தூள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்கு வரும். மொத்த வேலையும் ஒரு நிமிடம்.

மழை நாளில் பூவுக்குள் தண்ணீர் நின்றால் மகரந்தம் கெட்டுவிடும். முந்தின மாலையே, மறுநாள் விரியப் போகிற மொட்டுகளை அடையாளம் கண்டுகொள்ளலாம். நுனி மஞ்சள் ஏறி, முறுக்கிக்கொண்டு பருத்திருக்கும். அவற்றின்மேல் சின்னக் காகிதக் கூம்பு கவிழ்த்து வைத்து மழையிலிருந்து காப்பாற்றியிருக்கிறேன். பெண் பூ நாளை, ஆண் பூ இன்று என்று நாள் தப்பினால், இன்றைய ஆண் பூவைப் பறித்து மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். மறுநாள் காலைக்குப் பெரும்பாலும் தாங்கும்.

தடவிய மூன்றாம் நாளே விடை தெரியும். பிஞ்சு பளபளவென்று பெருத்தால் பிடித்துவிட்டது. மங்கி மஞ்சளானால் இல்லை, கிள்ளி எறிந்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

பறிப்பு

பூ விரிந்து ஐந்தாறு நாளில் காய் 12, 15 செ.மீ. ஆகிவிடும். அதுதான் பறிக்கும் அளவு. 20-ஐத் தாண்ட விடாதீர்கள். இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று விட்டுவிட்டு இரண்டு நாள் வெளியூர் போய்வந்தால், திரும்பி வரும்போது உள்ளங்கை அளவுக் காய் முழங்கை நீளத்துக்கு நீட்டிப் படுத்திருக்கும். நான் பெருக்கிச் சொல்வதாக நினைக்காதீர்கள், ஒரு முறை வளர்த்தால் தெரியும். அப்படி ஒரு காயை முற்றவிட்டால், விதை தயாராகிவிட்டது என்று செடி புதுப் பிஞ்சு விடுவதையே நிறுத்திவிடும். சுவையும் போகும், விதையும் கெட்டிப்படும். இலைக்கடியில் ஒளிந்திருப்பதைத் தேடித் தேடிப் பறியுங்கள்.

திருகி இழுக்காதீர்கள், தண்டே பிய்ந்துவிடும். கூரான கத்தியால் காம்பு ஒரு விரல் அகலம் காயோடு இருக்கும்படி வெட்டுங்கள். காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போது ஒருநாள் விட்டு ஒருநாளாவது பார்த்தாக வேண்டும்.

என்னென்ன வரும்

இலையில் வெள்ளை தெரிந்தால் முதலில் கூர்ந்து பாருங்கள். நரம்புகளின் கோணத்தில் பளபளப்பான வெள்ளித் திட்டுகள், எல்லா இலையிலும் ஒரே மாதிரி இருந்தால் அது நோயே இல்லை, பல ரகங்களுக்கு இயல்பான நிறம். விரலால் தேய்த்தால் மாவுபோல் வந்தால்தான் சாம்பல் நோய். வயதான இலையில் தொடங்கிப் பரவும். ஏறத்தாழ எல்லாச் செடிக்கும் கடைசியில் வரும். மோசமான இலையை வெட்டிவிட்டு, ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வாரம் இரண்டு முறை காலையில் இலையின் இருபக்கமும் தெளிக்கலாம். இது பாட்டி வைத்தியம் மட்டும் அல்ல. பிரேசில் ஆய்வாளர் வாக்னர் பெட்டியோல் 1999-ல் வெளியிட்ட ஆய்வு பசுமைக்குடிலில் வளர்த்த சுக்கினியிலேயே செய்தது. 10 சதவீதமும் அதற்கு மேலும் பால் கலந்த கரைசல், பூஞ்சைக்கொல்லிகளுக்கு ஈடாக வேலை செய்தது. வருமுன் தெளித்தால்தான் பலன் அதிகம். இலை முழுக்க வெளுத்த பிறகு பால் ஒன்றும் செய்யாது.

காயின் நுனி மட்டும் கறுத்து அழுகினால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் மண்ணில் அது இருக்கும். மண்ணை ஒருநாள் காயப்போட்டு மறுநாள் மூழ்கடித்தால் வேரால் சீராக எடுக்க முடியாது. தண்ணீரை ஒழுங்குபடுத்தினால் அடுத்த காய்கள் சரியாகும்.

அசுவினியும் வெள்ளை ஈயும் இலையின் அடிப்பக்கம் குடியேறும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும், மீதிக்கு வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கலாம். பூ விரிந்திருக்கும் காலையில் எதையும் தெளிக்காதீர்கள், வருகிற ஒன்றிரண்டு தேனீயும் போய்விடும். இலை பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகி, சுருண்டு, காயில் முடிச்சு முடிச்சாக வந்தால் தேமல் நோய். அசுவினி பரப்புகிற வைரஸ், மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டுக் கத்தியைக் கழுவுங்கள். மனசு கேட்காமல் வைத்திருந்தால் பக்கத்துத் தொட்டிக்கும் போகும்.

கசந்தால் துப்பிவிடுங்கள்

சுக்கினி கசக்கக் கூடாது. கசந்தால் அதில் குக்குர்பிட்டசின் என்ற நச்சு ஏறியிருக்கிறது. வேகவைத்தாலும் போகாது. வாந்தி, கடுமையான வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும். 2015-ல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். ஒவ்வொரு செடியின் முதல் காயிலும் சின்னத் துண்டைப் பச்சையாக நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசப்பு தெரிந்தால் துப்பிவிட்டு, அந்தக் காயை மட்டும் அல்ல, செடியையே எடுத்துவிடுங்கள்.

இது பெரும்பாலும் வீட்டில் எடுத்துவைத்த விதையால் வருவது. முன்பு சொன்ன உறவு இங்கேதான் குறுக்கே வருகிறது. அருகில் யாராவது அழகுச் சுரை வளர்த்தால் அதன் மகரந்தத்தைத் தேனீ உங்கள் பெண் பூவுக்குக் கொண்டுவரும். இந்த வருடக் காய்க்கு ஒன்றும் ஆகாது, சதை தாய்ச் செடியுடையது. அதற்குள் இருக்கும் விதைதான் கலப்பு. அந்த விதையை அடுத்த வருடம் போட்டால் கசப்புக் குணம் திரும்பி வரலாம். வேறு காய்களுக்கு விதை எடுத்துவைக்கும் நானே சுக்கினிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் புதுப் பொட்டலம் பிரிக்கிறேன்.

காய்ப்பு குறைந்து இலைகள் வெளுத்துப்போனதும் செடியை இழுத்துப் பிடித்து வைத்திருக்க வேண்டாம். முதல் தொட்டி காய்க்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகும்போது இன்னொரு தொட்டியில் விதை போட்டுவிட்டால், இது ஓயும் நேரம் அது தொடங்கும். பழைய தொட்டி மண்ணில் உடனே சுக்கினி, வெள்ளரி, பூசணி எதுவும் வைக்காமல் கீரையோ அவரையோ ஒரு முறை வைத்துவிட்டு, புதிதாக மட்கிய உரம் கலந்துகொண்டு மறுபடி வாருங்கள்.